போர்ச்சுகல் மணியில் என் செல் நம்பர்

திருவள்ளூர்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை விமல் அவர்களுக்கு, மாமனார் ராஜமாணிக்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அத்தையின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. டெல்லிக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நீங்களும் அருணாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று அருணா போனில் சொன்னாள், அடுத்த மாதக் கருத்தரங்கில் நம் மணி விஷயத்தை நீங்கள் பேசப்போகிறீர்களாம். கேட்டதும் எனக்குச் சட்டை மார்பில் இறுக்கமாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளை, நீங்கள் போனில் கேட்டதெல்லாம் பாதிக் கதை. அந்தப் பாதியிலும் பாதி எங்கள் யார்டு கிரேன் சத்தத்தில் போயிருக்கும். படித்தவர்கள் சபையில் ஒன்று கிடக்க ஒன்று சொல்லிவிடக் கூடாது அல்லவா? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: பேச்சில் என் பெயர் வேண்டாம். 'கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழைய உலோக வியாபாரி ஒருவர்' என்றால் போதும். ஏன் என்பது கடிதம் முடிவதற்குள் உங்களுக்கே விளங்கும்.

முதலில் உங்கள் கட்டுரை. பத்திரிகையில் வந்ததும் அனுப்பி வைத்தீர்களே, அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினேன். இதுவரை யாராவது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், நாடுகளுக்கு நடுவில் உள்ள உறவைப் பற்றிக் காலேஜில் பாடம் நடத்துகிறார் என்பேன். அவர்கள் உடனே உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கடம்பத்தூர்ச் சித்தப்பா இன்னும் பேரனுக்குக் கனடா விசா உங்கள் கையில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். நான் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 'நாடுகளுக்கு இடையே அறம் உண்டா?' என்று பக்கம் பக்கமாகக் கேட்டுவிட்டு, கடைசிப் பாராவில் 'இல்லை, நலன் மட்டுமே உண்டு; அறம் என்பது நலனுக்குப் போட்டுவிடும் சட்டை' என்று முடித்திருந்தீர்கள். அபாரமான எழுத்து. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய நாடு சின்ன நாட்டை நசுக்கும்போது சட்டப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டே நசுக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைக் குணாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். குணா, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிற எங்கள் யார்டின் சூப்பர்வைசர். "மாப்ள நம்ம எஸ்டேட்டுக்கு எப்பண்ணா வந்துட்டுப் போனாரு?" என்று கேட்டான்.

ஆனாலும், முகம் தெரியாத ஆட்களிடம் இத்தனை வருடமாகக் கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு வாங்குகிறவன் என்ற முறையில் ஒரு சின்ன ஆட்சேபம். எங்கள் தொழிலில் பித்தளைக் கழிவுக்கு உலகம் முழுக்க 'ஹனி' என்று பெயர். துபாயில் இருக்கிறவன் ஹனி என்று ஒரு வார்த்தை அனுப்பினால், நான் இங்கே பணம் கட்டுகிறேன். நடுவில் எந்தப் போலீசும் நிற்பதில்லை. ஹனி என்று சொல்லி அவன் இரும்பை அனுப்பலாம். அனுப்பியும் இருக்கிறான், மகராசன். ஆனால் பெரும்பாலும் தேன் தேனாகவே வந்து இறங்குகிறது. அது பயமா, நலனா, அறமா என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஏதோ ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் நான் இன்னும் சைக்கிளில் பழைய பேப்பர் எடுத்துக்கொண்டிருப்பேன்.

அப்படி வந்த ஹனிக்கு அடியிலிருந்துதான் போன ஆடியில் மணி வந்தது. குழாய், டேப், கதவுப்பிடி எல்லாவற்றையும் கிரேன் அள்ளிப் போட்ட பிறகு, கடைசியில் இடுப்பு உயரத்துக்கு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மேலே ஒரு அம்மா குழந்தையோடு நிற்கிற உருவம், சுற்றிலும் ஏதோ எழுத்து, 1791 என்று வருடம். குணா அதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்து ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினான். தட்டினானோ இல்லையோ, யார்டு நின்றுவிட்டது. கிரேன்காரர் கிரேனை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டார். பக்கத்து ரோலிங் மில்லிலிருந்து இரண்டு பேர் சுவர் மேல் எட்டிப் பார்த்தார்கள். சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் குளிர்ச்சியாக இருந்தது, மாப்பிள்ளை. அப்போது குணா சொன்னான்: "அண்ணே, இது ஹனி இல்ல. வெண்கலம். ரேட்டு டபுள். ஒடச்சிரலாமா?" நான் "ஒடை" என்றேன். இதைக் கருத்தரங்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

சம்மட்டி எடுக்கப் போன நேரத்தில் ஞானம்மா சாம்பார் வாளியோடு வந்தார். உங்கள் கல்யாணத்தில் பந்தி முழுக்க அதட்டிப் பரிமாறியது அந்தம்மாதான்; எங்கள் யார்டு ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு அவர் கையால்தான். எஸ்டேட்டுக்குப் பின்னால் காலனியில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு சபை இருக்கிறது, சிமென்ட் ஷீட் போட்டது. ஆராதனைக்கு ஆட்களைக் கூப்பிட வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு போல்ட்டால் அடிப்பார்கள். தூரத்திலிருந்து கேட்டால் லாரிப் பட்டறை மாதிரி இருக்கும். ஜெபத்துக்கு வருகிறவர்களோடு பஞ்சர் போட வருகிறவர்களும் சேர்ந்து வந்து நிற்பதுண்டு.

"மொதலாளி, இத்தப் போயா ஒடைக்கப் போறீங்க?"

"பின்ன, பூஜ பண்றதா?"

"எங்க கோயிலுக்குக் குடுங்க. சும்மா வாணாம். மாதர் சங்கத்துல சீட்டு புடிச்சி எடைக்கு எடை குடுத்துர்றோம்."

"வெண்கலம் இன்னா ரேட்டுன்னு தெரியுமா ஞானம்மா?"

"தெரியாது. சொல்லாதீங்க. தெரிஞ்சா அப்பறம் கேக்க பயமாயிடும்."

சும்மாவே கொடுத்துவிட்டேன். அறம் பொங்கிக் கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள். கூலி உயர்வுப் பேச்சு வரப்போகிற சமயம். அந்தம்மா சொன்னால் யார்டில் பாதிப் பேர் கேட்பார்கள். அதற்கு மேல் இன்னொரு காரணம் உண்டு, பெயர். நம் பக்கம் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலே வெளிச்சம் வெளியே வர வழியில்லாத அளவுக்கு உபயம் எழுதுகிறவர்கள் நாம். இது மணி. திருவள்ளூரில் பாத்திரக் கடை வாசலில் சீர்வரிசைக் குடத்துக்கெல்லாம் பேர் வெட்டித் தருவாரே, அவரைக் காரில் அழைத்து வந்தேன். அந்த அம்மா உருவத்துக்கு நேர் மேலே, நல்ல ஆழமாக, 'உபயம்: கோ. ராஜமாணிக்கம், ராஜமாணிக்கம் மெட்டல்ஸ், கும்மிடிப்பூண்டி. அனைத்து வகைப் பழைய உலோகங்களும் வாங்கப்படும். செல்:' என்று போட்டு நம்பரும் வெட்டியாயிற்று. சபைப் போதகர் தானியேல் ரொம்ப மென்மையான மனிதர். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஐயா, பேரு இருக்கட்டும். செல் நம்பர் வேணுங்களா?" என்றார். "கர்த்தருக்கு வேணாம் பாஸ்டர், கஸ்டமருக்கு வேணும்" என்றேன். சிரித்துக்கொண்டே ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

காலனிக்காரர்கள் கடன் வாங்கித் தூண் எழுப்பி மணியை ஏற்றினார்கள். முதல் கயிறு ஞானம்மா இழுத்தார். ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. எதிர்ச்சாரி அம்மன் கோயில்காரர்கள் கூட, எங்கள் தீபாராதனை நேரத்துக்கும் ஒரு இழுப்பு இழுங்களேன் என்று கேட்டு, அதற்கும் ஒரு ஒப்பந்தம் ஆகி, நாலு மாதம் நன்றாகத்தான் போயிற்று. சபைப் பையன்கள் அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். மாப்பிள்ளை, உலகத்தில் மணிக்கென்று ரசிகர் மன்றம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா? எந்த ஊர் மணி, எந்த வருடம் வார்த்தது, எந்தச் சுருதி என்று பார்த்துப் பார்த்துப் பேசிக்கொள்கிற வெள்ளைக்காரப் பெரியவர்கள். அவர்களில் ஒருவர் கண்ணில் நம் வீடியோ பட்டுவிட்டது.

ஒரு நாள் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருக்கிறேன், பிளஸ் 351 என்று ஆரம்பிக்கிற நம்பரிலிருந்து போன். அத்தை அடுப்படியிலிருந்தே "ஓடிபி கேட்டா குடுக்காதீங்க" என்று கத்தினாள்.

"சார், ராஜமாணிக்கம் மெட்டல்ஸா?"

"ஆமா. இன்னா சரக்கு கீது?"

"சரக்கு இல்ல சார். என் பேரு அன்புசெல்வன். நம்ம ஊத்துக்கோட்ட. இங்க போர்ச்சுகல்ல பழத் தோட்டத்துல வேல செய்றேன். நீங்கதான அந்த மணி... உபயம்?"

"நான்தான். அதுக்கின்னா?"

"அது இந்த ஊரு மணி சார். திருட்டுப் போனது. வீடியோல உங்க எழுத்தப் பாத்துட்டு, இது எந்த ஊரு பாஷைன்னு கேட்டுகினு என்னாண்ட வந்தாங்க. இந்தப் பக்கம் நான் ஒருத்தன்தான் இந்தியாக்காரன். படிச்சா நம்ம கும்மிடிப்பூண்டி! எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி சார். முன்னாடி 91 சேத்து நான்தான் அடிச்சேன். இப்ப ஊரே என் ரூம்ல ஒக்காந்துகினு கீது. எல்லாருக்கும் எண்பது வயசு. யாருக்கும் வூட்டுக்குப் போவ மனசில்ல."

அந்த ஊரின் பெயர் 'சாந்தா' என்று ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் போக என் நாக்குக்கு விசா கிடைக்கவில்லை. மலைமேல் நாற்பது வீடாம். ஒரு மழைக்காலத்தில் திருடர்கள் லாரியோடு வந்து கோபுரத்திலிருந்து இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது எந்தெந்த நாட்டில் யார் யார் கை மாறித் துபாய் வந்து என் ஹனிக்கு அடியில் ஒளிந்துகொண்டதோ, கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் கழித்து அந்த ஊர்க்காரர்கள் எழுதிய கடிதத்தை அன்புசெல்வன் தமிழில் தட்டி அனுப்பினான். நான் பார்த்தவற்றில் அவ்வளவு நேர்த்தியான வியாபாரக் கடிதம் கிடையாது; அதில் வியாபாரமே இல்லை என்பது வேறு விஷயம். 'நீங்கள் பில் போட்டு நேர்மையாக வாங்கியிருப்பீர்கள் என்று அறிவோம். மணி எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லை. சட்டம் யார் பக்கம் என்று எங்களுக்குத் தெரியாது, எங்கள் ஊரில் வக்கீல் இல்லை. யாராவது இறந்துபோனால் மணி அடித்து ஊருக்குச் சொல்வது எங்கள் வழக்கம். மணி போன பிறகு ஒருவர் காரில் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறார். சென்ற மாதம் இறந்த மூதாட்டிக்கும் ஹாரன்தான் அடித்தோம். அவருக்குக் கார் என்றாலே பிடிக்காது. ஆகவே கேட்டுப் பார்க்கிறோம். தர முடியாவிட்டால் எங்களுக்குக் கோபம் இல்லை. அது உடையாமல் எங்கோ ஒலிக்கிறது என்பதே ஆறுதல்.'

வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும் மாப்பிள்ளை. எத்தனை பார்த்திருக்கிறேன்! கோபம் இல்லை என்று எழுதுகிறவனை எந்தக் கோர்ட்டில் சமாளிப்பது? அதனால்தான் அன்றைக்கு உங்களுக்குப் போன் அடித்தேன். நீங்கள் பாடம் நடத்துகிற நிதானத்தோடு சொன்னீர்கள்: "மாமா, 1970-ல யுனெஸ்கோ ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு. ஆனா அந்த மணி அவங்க கோயில் சொத்துன்னு முறையா பதிவாகியிருந்தாத்தான் அது பிடிக்கும். பதிவாகியிருந்தாலும், தெரியாம வாங்கினவருக்கு அந்த நாடு நஷ்டஈடு தரணும். இந்த மணி பதிவாகலேங்கறாங்க. சட்டப்படி நீங்க குடுக்கத் தேவையில்ல." இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. குணா வேறு சரித்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "அந்தக் காலத்துல இதே போர்ச்சுகல்காரனுங்க பழவேற்காட்டுல வந்து எறங்குனானுங்களே, நம்மாண்ட எடுத்துக்கினு போனத எவனாச்சும் திருப்பிக் குடுத்தானா? ஒரே ஒரு மணிக்கு இம்மாம் பேஜாராண்ணா?" சட்டம் என் பக்கம், சரித்திரம் என் பக்கம், மணியும் என் பக்கம். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

உங்கள் அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடம்பத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் அம்மனின் உற்சவச் சிலை திருட்டுப் போன கதை உங்களுக்குத் தெரியாது. போனது போனதுதான்; இன்று வரைக்கும் திருவிழாவில் வாகனத்தில் ஒரு கலசத்தை மட்டும் வைத்துச் சுற்றி வருகிறோம். அதற்குப் பூ அலங்காரம் வருடா வருடம் என் உபயம்.

"இன்னாங்க, நம்ம அம்மன் எவனோ வெளிநாட்டுக்காரன் ஊட்டு ஷோகேஸ்ல நிக்குதுன்னு நாளைக்குத் தெரியுதுன்னு வெச்சுக்குங்க. போன் அடிக்கிறீங்க. அவன், பில்லு கீது, போனை வையின்றான். இன்னா பண்ணுவீங்க?"

"கேஸ் போடுவேன்."

"சட்டம் அவன் பக்கமாம். உங்க மாப்ளயே சொல்லிட்டாரு."

நான் பேப்பரை எடுத்து விரித்தேன்.

"சொல்லுங்க. இன்னா பண்ணுவீங்க?"

"அசிங்க அசிங்கமாத் திட்டுவேன்."

"போய் அத்தக் கண்ணாடி முன்னாடி நின்னு திட்டிட்டு வாங்க. அதுக்குள்ள நான் சாப்பாடு எடுத்து வெக்கிறேன்."

திட்டவில்லை. ஆனால் கண்ணாடி வரைக்கும் போனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மணி இப்போது என்னுடையது அல்ல, காலனிக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வியாபாரியைவிடக் கேவலமான ஜன்மம் கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிகிற வரைக்கும் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனேன். அன்புசெல்வன் அனுப்பியதை அப்படியே வாசித்தேன். ஐக்கிய நாடுகள் சபையில் சத்தம் போடுவார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் காலனி சபைக்கு வந்து பார்க்க வேண்டும். "குடுத்தத திருப்பிக் கேக்கறது இன்னா மொற?" என்று ஒருவர். "தூணுக்கு வாங்குன கடன் இன்னும் அடையலையே, வெறும் தூணையா பாத்துகினு நிக்கறது?" என்று இன்னொருவர். "அவங்க பணக்கார நாடு, இன்னொண்ணு வாத்துக்கட்டுமே!" இது ஒரு இளவட்டம். தானியேல் போதகர் இரண்டு கையையும் உயர்த்தினார், யாரும் உட்காரவில்லை. ஞானம்மா மட்டும் கடைசி வரிசையில் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு அங்கிருந்தபடியே கேட்டார்.

"மொதலாளி, அவங்களாண்ட இப்ப இன்னா கீது?"

"ஹாரன்."

"இன்னா ஹாரன்?"

"கார் ஹாரன்."

"சாவுக்கா?"

"சாவுக்குத்தான்."

நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நம் பக்கம் சாவுக்கு என்னென்ன மேளம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். ஹாரன் அடித்து ஒருவரை அனுப்பி வைப்பதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அய்யோ பாவம்" என்றார் ஞானம்மா. "எங்களாண்டயாச்சும் தண்டவாளம் கீது. குணா எடைக்குக் கேட்டான், நான் குடுக்கல. எடுத்துகினு போங்க மொதலாளி. ஆனா ஒண்ணு. அங்க மொத தபா அடிக்கிறப்ப போன் போட்டு எங்க காதுல உடணும்."

"செய்யச் சொல்றேன்."

"அப்பறம், கோவம் இல்லன்னு எழுதிகிறாங்களே. எங்களுக்கும் கோவம் இல்லன்னு எழுதுங்க."

மாப்பிள்ளை, அந்தம்மாவுக்கு எந்த ஒப்பந்தமும் தெரியாது, எந்த ஷரத்தும் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். சொல்லவில்லையே! வெளியே வந்து காரைத் தொட்டேன். என் ஹாரனை அடிக்கவே கூச்சமாக இருந்தது. வழியில் படுத்திருந்த ஆட்டை விரட்டக் கூடக் கீழே இறங்கிப் போய்த்தான் விரட்டினேன்.

சரி, தர்மம் முடிந்தது, பார்சல் கட்டலாம் என்று கிளியரிங் ஏஜென்டிடம் போனால், அவர் மணியின் போட்டோவைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருள் அரசாங்க அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாதாமே? வரும்போது கழிவு என்று வந்தது, போகும்போது பொக்கிஷமாகிவிட்டது. கொடுக்க வேண்டியதில்லை என்று முதலில் சொன்ன அதே சட்டம், கொடுக்கிறேன் என்று நான் சொன்னதும் கொடுக்கக் கூடாது என்கிறது. ஏஜென்ட் கெட்டிக்காரர். "உடச்சித் துண்டாக்கிட்டா இன்னிக்கே அனுப்பலாம் சார், துண்டுக்குச் சட்டம் இல்ல" என்றார். நான் முறைத்ததும், மணியை இன்னொரு தரம் உற்றுப் பார்த்து முகம் மலர்ந்தார். "சார், உங்க செல் நம்பர் வெட்டியிருக்கே! 1791-ல ஏது செல்போன்? இது போன வருஷம் செஞ்ச புது மணின்னு பில் போட்டுர்றேன். நம்பரே சாட்சி." சத்தியமாகச் சொல்கிறேன், அரைமணி நேரம் அந்த யோசனையை ரசித்தேன். அப்புறம் யோசித்தேன்: கோபம் இல்லை, கோபம் இல்லை என்று இரண்டு பக்கமும் எழுதிக்கொண்ட மனிதர்களுக்கு நடுவில் பொய் பில்லோடு ஒரு பெட்டி போவதா? அங்கே ஒவ்வொரு சாவுக்கும் என் பொய்யும் சேர்ந்து அல்லவா ஒலிக்கும்?

இனிமேல் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லிக்கொள்ள மாட்டீர்கள் என்பதால் நானே எழுதுகிறேன். அருணா எல்லாம் சொன்னாள். லீவு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீசாக நீங்கள் ஏறி இறங்கியது, போர்ச்சுகல் தூதரகத்து அம்மாள் காபியை ஆறவிட்டுக் கதையை முழுக்கக் கேட்டது, மறுநாள் அந்த அம்மாளே உங்களோடு ஆபீசுக்கு வந்து நின்றது. பழம்பொருள் ஆபீசில் ஒரு அதிகாரி ஃபைலை மூடி வைத்துவிட்டு, "இதில் உங்களுக்கு என்ன நலன்?" என்று கேட்டாராமே? நலனைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அந்த வார்த்தையையே எடுக்காமல், "அது இருக்க வேண்டிய இடம் அதுதான் சார்" என்றீர்களாம். அவரும் மூடிய ஃபைலைத் திறந்தாராம். வெள்ளிக்கிழமை அனுமதி வந்ததும் யார்டில் கிரேனை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தேன். பெண் பார்க்க வந்தபோது உங்கள் கையில் வாட்ச் கூட இல்லையே என்று கவலைப்பட்டவன் நான். இன்றைக்குச் சொல்கிறேன், அருணாவுக்கு இதைவிட நல்ல இடத்தை எந்தத் தரகராலும் கொண்டுவந்திருக்க முடியாது.

அதனால் கருத்தரங்குக்குப் போகும்முன் உங்கள் கட்டுரையின் கடைசிப் பாராவை அடித்துவிடுங்கள். நலனே இல்லாத ஒரு மணிக்காக இரண்டு அரசாங்கமும் ஒரு காலனியும் ஒரு மலைக்கிராமமும் ஒரு ஊத்துக்கோட்டைப் பையனும் அசைந்திருக்கிறார்கள். மறுப்பதற்கு எல்லோருக்கும் நல்ல காரணம் இருந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? கப்பல் செலவு அவர்களுடையது, பெட்டியும் துறைமுகச் செலவும் என்னுடையது. நஷ்டஈடு நான் கேட்கவில்லை. காலனித் தூணின் பாக்கிக் கடனையும் நானே அடைத்துவிட்டேன். வைக்கோல் வைத்துப் பெட்டி தயார். ஒரு வேலைதான் பாக்கி. என் உபயத்தை அழிக்க வேண்டும். அவ்வளவு பழைய தாயின் தலைக்கு மேல் 'பழைய உலோகங்கள் வாங்கப்படும்' என்று இருப்பது நன்றாகவா இருக்கிறது? கையில் ஒன்றும் வராதபோதும் கொடுத்தவர்கள் யாரும் பெயர் வெட்டிக்கொள்ளவில்லை. நான் மட்டும் போன் நம்பரோடு நிற்கிறேன். நாளைக் காலை அதே ஆள் வந்து தேய்த்துவிடுவார். பேச்சில் என் பெயர் வேண்டாம் என்று ஆரம்பத்தில் எழுதியது இதனால்தான். நல்லது செய்வதற்கு விலாசம் எதற்கு?

நீங்களும் அருணாவும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் பாதியாவது கேட்டுக்கொண்டு, பல்லாண்டு நன்றாக இருக்க அம்மனையும், ஞானம்மா சொல்லச் சொன்னபடி கர்த்தரையும் வேண்டிக்கொள்கிறோம். அத்தை ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள். டப்பாவைக் குளிர் ஏறாத இடத்தில் வைக்கவும்.

இப்படிக்கு,
உங்களைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரியும் மாமனார்,
கோ. ராஜமாணிக்கம்

பின்குறிப்பு (திங்கள் காலை): கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஒரு விஷயம். பேர் வெட்டுகிறவர் வந்து தேய்க்கிற மிஷினை ஆன் பண்ணுகிற நேரத்தில் அன்புசெல்வன் போன். அழிக்கப் போவதை அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன்; ஊர் கூடிப் பேசினார்களாம், உபயத்தை அழிக்கக் கூடாதாம். மணியைச் சுற்றி இருக்கிற எழுத்து கம்பெனிப் பெயர் இல்லையாம். வார்த்தவர் பெயர், விரிசல் விட்டபோது சரிசெய்தவர் பெயர், ஒரு போருக்குப் பயந்து மண்ணில் புதைத்துக் காப்பாற்றியவர் பெயர் எல்லாம் அதில் இருக்கிறதாம். மணிக்கு நடந்தது எல்லாம் மணியில் இருக்கட்டும் என்கிறார்கள். எண்பது வயதுப் பெரியவர்கள் சொல்வதை மீறுவது மரியாதை இல்லை. ஆகவே உபயம் இருக்கிறது. ஆள் காரில் வந்துவிட்டார், சும்மா அனுப்புவானேன் என்று நம்பருக்கு முன்னால் பிளஸ் 91 வெட்டச் சொல்லிவிட்டேன். போன தடவை அன்புசெல்வன் இருந்தான், எல்லா ஊரிலும் அன்புசெல்வன் இருப்பானா? கருத்தரங்கில் நீங்களும் என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம், போட்டோ காட்டினால் நம்பர் தெளிவாகத் தெரிகிற மாதிரி பார்த்துக்கொள்ளவும். அந்தப் பக்கத்து ஹனி நல்ல சுத்தமாக இருக்கும் என்று அன்புசெல்வன் சொல்கிறான். துபாய்க்காரர் இல்லாமல் நேரடியாகவே வாங்கலாம் போலிருக்கிறது. கட்டுரையின் கடைசிப் பாராவை அவசரப்பட்டு அடித்துவிட வேண்டாம்.